மணிக்கட்டு வலியும் மென்மையான ரிவால்வர் தோட்டாக்களும்

கேள்வி: மணிக்கட்டில் மூட்டுவலி வந்தபின் .357 மேக்னம் என்னும் வலுமிக்க ரிவால்வர் தோட்டாக்களின் பின்னுதைப்பை என் தந்தையாரால் தாங்க முடியவில்லை. இலக்குச் சுடுதலை அவர் கைவிடாதிருக்க, மென்மையான தோட்டாக்களை நாங்களே நிரப்பிக்கொள்ள எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1: அதே ரிவால்வரில் .38 ஸ்பெஷல் என்னும் வலுக்குறைந்த தோட்டாக்களையும் சுடலாம் என்பதால் அதிலிருந்தே தொடங்குங்கள். விரைந்து எரியும் வெடிமருந்தின் சிறு அளவோடு நிரப்பப்படும் 148 கிரெய்ன் (சுமார் 9.6 கிராம்) எடையுள்ள, தட்டை முனை கொண்ட வாட்கட்டர் ஈயக் குண்டு, இலக்குச் சுடுதலுக்கென்றே நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. தாளில் துளையும் வட்டமாகத் தெளிவாக விழும். கனமான ரிவால்வரும் ரப்பர் கைப்பிடியும் உதவும்.

மறுமொழி 2: உடன்படுகிறேன். ஆனால், நிரப்புக் கையேட்டில் அச்சிட்டுள்ள தொடக்க அளவுக்குக் கீழே மருந்தைக் குறைக்கவே கூடாது. உந்துவிசை போதாமல் குண்டு குழலுக்குள் சிக்கிக்கொண்டு, அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால், குழல் வீங்கும் அல்லது பிளக்கும். எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று: மருந்தைத் தாங்கும் பெரிய உலோக உறையின் அடியில் சிறிதளவு மருந்தே கிடப்பதால், தவறுதலாக இருமுறை நிரப்பினாலும் வழியாது. குண்டைப் பொருத்துமுன் ஒவ்வோர் உறையையும் நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள்.

மறுமொழி 3: .38 உறைகள் .357 உறைகளைவிடக் குட்டையானவை. ரிவால்வரின் சுழலும் உருளையின் அறைகளில் அவை விட்டுச்செல்லும் கரி வளையத்தைத் துடைக்காவிட்டால், பின்னர் .357 தோட்டா எளிதில் உள்ளே போகாது.