புதுப்பிப்பு: கீசர் போட்டால் ஆர்சிசிபி விழுந்த பிரச்சினை தீர்ந்தது

குளியலறைக் கீசரைப் போட்டதும் வீடு முழுக்கக் கரண்ட் போகிறது, எம்சிபி (கரண்ட் அளவை மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுவதில்லை, ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் விழுகிறது, அதாவது தானாக அணைகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டைச் சந்தேகப்பட்டவர்கள் சொன்னதுதான் சரி.

எலக்ட்ரீசியன் அண்ணன் வயர்களைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கரை (கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மீட்டர்) எலிமென்ட் முனைக்கும் தொட்டிக்கும் இடையே வைத்தார். பல மெகாஓம் காட்டவேண்டிய முள், சுழியை ஒட்டியே நின்றது. எலிமென்ட்டை வெளியே எடுத்தால், போர் தண்ணீரின் உப்பு கெட்டியாகப் படிந்திருந்தது. சுரண்டியதும் வளைவில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தது. உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் அந்த வழியாக ஈரத்தை இழுத்துக்கொள்ள, கரண்ட் எர்த்துக்குக் கசிந்திருக்கிறது. 30 மில்லிஆம்பியர் கசிவுக்குள் ஆர்சிசிபி விழுந்துவிடும். எம்சிபிக்கு அது ஒரு லோடே இல்லை.

சுவிட்சை அணைத்த பிறகும் சில சமயம் விழுந்ததே, அதற்கும் விடை கிடைத்தது. அந்த சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் வழியாக எர்த் தொடர்பு அப்படியே இருந்திருக்கிறது; வீட்டின் மற்ற கருவிகளிலிருந்து நியூட்ரலில் திரும்பும் கரண்டில் கொஞ்சம் அந்த வழியாகக் கசிய, ஆர்சிசிபி விழுந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால்தான் நின்றது.

புது எலிமென்ட், கூடவே கரைந்துபோயிருந்த அனோடு கம்பியும் (தொட்டி துருப்பிடிக்காமல் காப்பது) மாற்றியாயிற்று. அப்புறம் ஒருமுறைகூட விழவில்லை.

ஆர்சிசிபியைத் தவிர்த்து நேராக இணைக்கச் சொன்ன நண்பரே, தயவுசெய்து யார் வீட்டிலும் அப்படிச் செய்யாதீர்கள். ஈரக் கையோடு குழாயைத் தொடுகிற இடம் அது.