வேகமான எஸ்எஸ்டி: பாவித்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார், தம்பிமார், ஒரு உதவி. வெளியில் செருகிப் பாவிக்கும் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பு டிரைவ்) ஒன்று வாங்க யோசிக்கிறேன். மட்டக்களப்பில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். போன கிழமை கல்லடியில் எடுத்தது மட்டும் 300 ஜிபி; பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. மண்டபத்தைப் பூட்ட ஆள் சாவியோடு நிற்கிறார், எனக்கோ ஏற்றி முடியாமல் கேமரா கார்டை எடுக்கவே பயம்.

சாம்சங் எஸ்எஸ்டிகளில் டி7 வினாடிக்கு 1,050 எம்பி, டி9 2,000 எம்பி என்று போட்டிருக்கிறது. ஆனால் டி9 அந்த வேகத்தில் ஓட 20 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு 20 ஜிகாபிட்) யூஎஸ்பி போர்ட் வேண்டும். என் லேப்டொப்பில் 10 தான். அப்போ கூடுதல் காசு வீண்தானே?

பெட்டியில் உள்ள வேகத்தை விட, தொடர்ந்து எழுதும்போது வேகம் விழாமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம். நம்மூர் வெக்கையில் 300 ஜிபியை ஒரே மூச்சில் ஏற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நிமிடம் பிடித்தது? கை வைக்க முடியாத சூடு வந்ததா?