மறு: விண்ட்சில் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

விண்ட்சில் (wind chill), அதாவது காற்று அடிப்பதால் உடம்புக்குக் கூடுதலாக உறைக்கும் குளிரைச் சொல்லும் எண், அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த மின்னஞ்சல் இழையில் இதுவரை வந்தவற்றை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். காற்றுக்குளிர், குளிர்காற்றுக் குறியீடு, உணர்வெப்பநிலை, வாடைக்குளிர், வளித்தண்மை என ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறார். நல்லதுதான். ஆனால் பொருளை எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கிறோமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நான் இருப்பது கனடாவின் மனிடோபா மாகாணத்தில், வினிபெக்கில். இங்கே புதிதாக வந்திறங்கும் தமிழ்க் குடும்பங்களுக்காகக் குளிர்காலத் துண்டறிக்கை ஒன்று தயாரிக்கிறோம். அதற்காகத்தான் இந்தச் சொல்லுக்கு நான் இப்படி அவசரப்படுகிறேன்.

> வெளியே -25, விண்ட்சில் -39 என்றால், காற்று அடிக்கும்போது வெப்பநிலை -39க்கு இறங்கிவிடுகிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. -25 டிகிரி செல்சியஸில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் விண்ட்சில் -39 என்று வரும். ஆனால் வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானி அப்போதும் -25 தான் காட்டும். இரவு முழுக்கத் தெருவில் நின்ற காரும் அப்படியே. காற்று பட்டால் எஞ்சின் சீக்கிரம் ஆறிப்போகும், ஆனால் -25க்குக் கீழே போகாது. (அதுவே போதுமான தொல்லைதான். காரின் முன்பக்கத்தில் தொங்கும் ஒயரை மின்சாரத்தில் செருகி எஞ்சினைச் சூடாக வைத்திருக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்புவது சந்தேகம். கிளம்பினாலும், டயர் தரையில் பட்டிருந்த இடம் தட்டையாக விறைத்திருக்கும். முதல் இரண்டு தெருவுக்கு வண்டி தடக் தடக்கென்று குதித்துக்கொண்டே போகும்.)

நம் உடம்பு வேறு கதை. அது உள்ளே ஓயாமல் சூட்டை உண்டாக்குகிறது. தோலை ஒட்டி மெல்லிய காற்றுப்படலம் ஒன்று அந்தச் சூட்டில் வெதுவெதுப்பாக நிற்கும். காற்று அடித்தால் அந்தப் படலம் பிய்த்துக்கொண்டு போய்விடும், உடம்பு மறுபடி புதிதாகச் சூடேற்ற வேண்டும், அதையும் காற்று கொண்டுபோகும். -39 என்ற எண் சொல்வது இவ்வளவுதான்: இந்தக் காற்றில் உங்கள் முகம் சூட்டை இழக்கும் வேகம், காற்றே அசையாத -39 டிகிரி நாளில் இழக்கும் வேகத்துக்கு ஏறக்குறையச் சமம். ஆக இது வெப்பநிலை அல்ல. சூடு பறிபோகும் வேகத்தை வெப்பநிலையின் வேஷம் போட்டுக் காட்டுகிறார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். அமெரிக்கர்களான பால் சைப்பிளும் சார்லஸ் பாசெலும் 1941 குளிர்காலத்தில் அண்டார்க்டிகாவில் ஒரு சிறிய பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை நிரப்பிக் காற்றில் வைத்து, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பல நாட்கள், பல காற்று வேகங்களில் அளந்தார்கள். 1945இல் முடிவுகள் வெளியாயின. அவர்கள் கண்டது வெப்ப இழப்பின் வேகம். பிறகு அதை வெப்பநிலை போலச் சொல்ல ஒரு வாய்பாடு வந்தது. அது தோல் எப்போதும் 33 டிகிரியிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டது. குளிரில் தோலும்தானே ஆறும்? அதனால் அந்தக் கணக்கு குளிரை மிகைப்படுத்திக் காட்டியது. மேலே சொன்ன அதே -25, அதே 30 கிலோமீட்டருக்குப் பழைய வாய்பாட்டில் போட்டால் -48 வரும்.

2001இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து இதை மாற்றின. டொரொண்டோவில் ஒரு குளிர்க் காற்றுச் சுரங்கத்தில் (வேண்டிய வேகத்தில் காற்றை வீசவைக்கும் ஆய்வுக்கூடம்) 6 ஆண்களையும் 6 பெண்களையும் ஓடுபொறியில் (டிரெட்மில்) நடக்கவிட்டு, முகத்தில் உணரிகளை ஒட்டி அளந்தார்கள். முகத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், எத்தனை போர்த்திக்கொண்டாலும் கடைசியில் வெளியே தெரிவது முகம்தான். இன்று நமக்கு வானொலியில் வரும் எண் அந்தக் கணக்கிலிருந்து வருவது. ஈரத்தை அது கணக்கில் எடுப்பதில்லை, வெயிலையும் எடுப்பதில்லை. நனைந்த கையுறையோடு நிற்பவருக்கு நிலைமை இன்னும் மோசம்.

கனடாவின் வானிலைத் துறை இந்த எண்ணை டிகிரி குறி இல்லாமல்தான் தருகிறது. “வெப்பநிலை -25 டிகிரி, விண்ட்சில் -39.” இரண்டாவதற்கு அலகு கிடையாது. 2001க்கு முன் பிரெய்ரி மாகாணங்களில், அதாவது மனிடோபா உள்ளிட்ட இந்தச் சமவெளி மாகாணங்களில், சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்றே சொல்லிவந்தார்கள். அறிவியலுக்கு அது இன்னும் நேர்மையானது. ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கு வாட் என்ன சொல்லும்?

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சொற்களுக்கு வருகிறேன்.

> உணர்வெப்பநிலை என்றால் படித்தவுடன் புரிகிறது. வேறு ஏன் தேட வேண்டும்?

புரிகிறது, தப்பாகப் புரிகிறது. “வெப்பநிலை” என்று முடிந்தாலே எழுதுபவர் டிகிரி போட்டுவிடுவார். அப்புறம், சென்னையில் மே மாதம் ஈரப்பதத்தையும் சேர்த்து “42 டிகிரி போல் இருக்கிறது” என்று செல்போனில் காட்டுகிறதே, அதுவும் உணர்வெப்பநிலைதான். வியர்வை ஆறாததால் வரும் அந்த எண்ணுக்கும், முகத்தின் சூட்டைக் காற்று கொண்டுபோவதால் வரும் இந்த எண்ணுக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது. இரண்டுக்கும் பொதுவான சொல்லாக உணர்வெப்பநிலை இருக்கட்டும். நமக்கு வேண்டியது அது அல்ல.

குளிர்காற்றுக் குறியீடு சரிவராது. குளிர்காற்று என்பது காற்றின் பெயர். இங்கே பெயர் வைக்க வேண்டியது காற்று உடம்பில் செய்யும் வேலைக்கு.

வளித்தண்மை அழகாக இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அச்சாகும், மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள், அதோடு சரி. தண்மை என்றால் இன்றைக்கும் காதில் விழுவது இதமான குளிர்ச்சி. இங்கே உயிரைக் குடிக்கிற குளிரைப் பற்றிப் பேசுகிறோம்.

வாடைக்குளிர்தான் எனக்கு முதலில் பிடித்திருந்தது. வாடை வடக்கிலிருந்து வருவது. இந்தச் சமவெளியில் கொடுங்குளிரும் வடக்கிலிருந்துதான் வருகிறது: ஆர்க்டிக் பக்கம் தேங்கிக் கனத்த குளிர்காற்று, தடுக்க ஒரு மலையும் இல்லாமல் மனிடோபா, சஸ்காச்சுவன், வடக்கு டகோட்டா வரை சரிந்து வருகிறது. வட துருவத்துக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு முள்கம்பி வேலி மட்டும்தான் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் பழைய நகைச்சுவை. ஆனால் விண்ட்சில்லுக்குத் திசை கிடையாது. தெற்கிலிருந்து அடித்தாலும் கணக்கு அதேதான். இன்னொன்று, இன்றைய பேச்சில் வாடை என்றால் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

காற்றுக்குளிர் குற்றமில்லாத சொல். எளிமையானது, அகராதிக்குப் பொருந்தும். பெரும்பான்மை அதற்கென்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒரே குறை, அதைக் கேட்டால் யாருக்கும் பயம் வராது. “காற்றுக்குளிர் -48” என்று படிப்பவர், சரி, கொஞ்சம் காற்று, கொஞ்சம் குளிர் என்று தொப்பி போடாமல் கிளம்பிவிடுவார்.

என் பரிந்துரை: ஊதற்குளிர்.

ஊதக்காத்து என்று தென்மாவட்டங்களில் சொல்வது உங்களில் பலருக்குத் தெரியும். சங்கத் தமிழில் ஊதை என்றாலே குளிர்ந்து வீசும் காற்று. சூடான காப்பியை ஊதி ஊதிக் குடிக்கிறோமே, அதில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்: ஊதினால் சூடு சீக்கிரம் போகும், ஆனால் எத்தனை ஊதினாலும் காப்பியை ஐஸாக்க முடியாது. வெப்பமானி ஏன் இறங்கவில்லை என்ற கேள்விக்கு ஊதல் என்ற சொல்லே பாதி விடை சொல்லிவிடுகிறது.

> ஊதுதல் என்றால் சிகரெட்டு ஊதுவது, உடம்பு ஊதுவது எல்லாம் நினைவுக்கு வருமே? மேலும் இது வட்டார வழக்கு.

வரும். குளிர் என்ற சொல் பக்கத்திலேயே நிற்பதால் போய்விடும். வட்டார வழக்கு என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. குளிருக்கான நல்ல சொற்கள் எல்லாம் அங்கேதான் பிழைத்திருக்கின்றன. ஈழத்து நண்பர் ஒருவர் “கூதல்” என்றே வைக்கலாம் என்றார். அதுவும் நல்ல சொல், ஆனால் கூதல் உடம்பு நடுங்கும் உணர்வைச் சொல்கிறது. ஊதல் காரணத்தைச் சொல்கிறது.

சரி, பெயர் எதுவானாலும் மூன்று விஷயங்களை இப்போதே முடிவு செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எண்ணுக்கு டிகிரி, பாகை எதுவும் போடக் கூடாது; “ஊதற்குளிர் -39” என்றே எழுத வேண்டும். ஆனால் அறிக்கையின் தலைப்பில் ஒருமுறை “செல்சியஸ் கணக்கில்” என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில் ஃபார்கோவிலும் கிராண்ட் ஃபோர்க்ஸிலும் இருக்கும் நம் ஆட்கள் பாரன்ஹீட்டில் வாழ்கிறார்கள். இரண்டு கணக்கும் ஒன்றாவது -40இல் மட்டும்தான். மூன்றாவது, “ஊதற்குளிர் உயரும்” என்று எழுதவே கூடாது. குளிர் கூடும்போது எண் இறங்குகிறது. உயரும் என்றால் எது உயர்கிறது என்று தெரியாது. “கடுமையாகும்” என்று எழுதலாம்.

அதோடு எண்ணைத் தனியே விடாமல் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். -28 முதல் -39 வரை திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். -40 முதல் -47 வரை என்றால் 5 முதல் 10 நிமிடம். -48 முதல் -54 வரை 2 முதல் 5 நிமிடம். -55க்குக் கீழே இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. இங்குள்ளவர்கள் எண்ணைப் பார்ப்பதே இதற்காகத்தான். இடைவேளையில் பிள்ளைகளை வெளியே விடலாமா என்று பள்ளிகள் முடிவு செய்வதும் இதைப் பார்த்துத்தான். வெளியே வந்தவுடன் மூக்குக்குள் மயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு பட்டுப் பட்டுக் கழுத்துத் துணி பலகை மாதிரி விறைக்கும், இமையில் வெள்ளையாகப் படியும். இவையெல்லாம் ஆபத்தில்லை. கன்னமோ மூக்கு நுனியோ வெளுத்து, வலி நின்று மரத்துப்போனால்தான் ஆபத்து. அதற்குப் பனிக்கடி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைக் கலைக்க வேண்டாம்.

2022 ஜனவரியில் மனிடோபாவின் எமர்சன் ஊருக்குப் பக்கத்தில், அமெரிக்க எல்லையிலிருந்து 12 மீட்டரில், குஜராத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் உறைந்து இறந்து கிடந்தது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். இரவில் திறந்த வயல்வெளியில் நடந்து எல்லையைக் கடக்கப் பார்த்திருக்கிறார்கள். காற்றையும் சேர்த்து -35 என்றார்கள். நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு -20க்கும் -35க்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் “பயங்கரக் குளிர்”தான்.

கடைசியாக ஒரு எதிர்க்கருத்தையும் நானே எடுத்து வைக்கிறேன். அமெரிக்க வானிலைச் சேவை 2024 அக்டோபரில் “விண்ட்சில் எச்சரிக்கை” என்ற பெயரையே கைவிட்டு, “கடுங்குளிர் எச்சரிக்கை” என்று மாற்றிவிட்டது. காற்று இல்லாவிட்டாலும் குளிர் கொல்லும், பெயரில் காற்று இருந்தால் மக்கள் அதை மட்டுமே பார்க்கிறார்கள் என்பதுதான் யோசனை. எனக்கும் அது சரியாகவே படுகிறது. எனவே துண்டறிக்கையின் தலைப்பு “கடுங்குளிர் எச்சரிக்கை” என்றே இருக்கும். ஊதற்குளிர் உள்ளே அட்டவணையில் மட்டும் வரும்.

அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். ஊதற்குளிரா, காற்றுக்குளிரா என்று மட்டும் அதற்குள் சொல்லிவிடுங்கள். லகரம் றகரமாகத் திரிய வேண்டுமா, ஊதல்குளிர் என்றே விடலாமா என்ற விவாதத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். தொடங்கினால் அது பொங்கல் வரை போகும்.

அன்புடன்,
வினிபெக்கிலிருந்து