காட்டு மிளகாய் விதைத்தட்டைக் கொட்டிவிடாதே, கதிர்!

குடும்பக் குழு: கிளையும் வேரும்

பிப்ரவரி

கதிர்: அத்தை, நீங்கள் கொடுத்த சில்டெபின் காட்டு மிளகாய் விதைகளைப் போட்டு வாரக்கணக்காகிறது. ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. அதே நாளில் பக்கத்துக் குழிகளில் போட்ட குடைமிளகாய் எல்லாம் இலை விட்டு நிற்கின்றன. இந்தத் தட்டைக் கொட்டிவிட்டு வேறு ஏதாவது போடட்டுமா?

கௌரி அத்தை: கொட்டாதே!

கௌரி அத்தை: அந்தத் தட்டை யாரும் தொட வேண்டாம். இதோ, கையைக் கழுவிக்கொண்டு வந்து விவரமாக எழுதுகிறேன்.

பெரியப்பா: கௌரி, விதையே சொத்தையாக இருந்தால் காத்திருந்து என்ன பயன்? மிளகாய் என்றால் பத்துப் பன்னிரண்டு நாளில் முளைத்துவிட வேண்டாமா?

கௌரி அத்தை: நாம் வளர்க்கும் மிளகாய் அப்படித்தான் அண்ணா. காட்டு மிளகாய்க்கு அந்தக் கணக்கு செல்லாது. சில்டெபின் விதை முளைக்க மூன்று வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். ஒரே பழத்திலிருந்து எடுத்த விதைகள்கூட ஆளுக்கொரு நாளில்தான் எழும்.

கௌரி அத்தை: காரணம் சொல்கிறேன். சில்டெபினும் குடைமிளகாயும் ஒரே இனம், கேப்சிகம் அன்னுவம். சில்டெபின் அதன் காட்டு வடிவம். அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து மெக்சிகோ, மத்திய அமெரிக்கா வழியாகத் தென் அமெரிக்காவின் வட பகுதிவரை தானாகவே வளர்கிறது. காய் பட்டாணியைவிடச் சிறியது. வானத்தைப் பார்த்து நிற்கும், பழுத்ததும் லேசாகத் தொட்டாலே காம்பை விட்டுக் கழன்றுவிடும். மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தனக்கு வசதியான செடிகளையே தேர்ந்தெடுத்து விதைத்ததால் காய் பெருத்தது, கீழ்நோக்கித் தொங்கியது, காம்பை இறுகப் பிடித்துக்கொண்டது, விதைகளும் ஒரே நேரத்தில் முளைக்கப் பழகிவிட்டன. காட்டில் அப்படி முளைத்தால் வம்சமே போய்விடும். முதல் மழையை நம்பி எல்லா விதையும் எழுந்து, அடுத்து வறட்சி வந்தால் என்ன மிஞ்சும்? அதனால் ஒரு பகுதி எழும், மற்றவை உறங்கும். இது விதையின் குறை அல்ல கதிர், அதன் காவல். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் காட்டு மிளகாய் வளர்ப்பதில் பாதி வேலை முடிந்தது.

கதிர்: புரிகிறது அத்தை. ஆனால் உயிரோடு உறங்குகிறதா, அழுகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கௌரி அத்தை: ஒரே ஒரு விதையைப் பல்குச்சியால் மெல்லத் தோண்டி எடு. விரல்நுனியில் வைத்து லேசாக அழுத்து. கெட்டியாக, வெளிர் மஞ்சளாக இருந்தால் நம்பிக்கை உண்டு. கூழாக நசுங்கினாலோ, மேலே வெண்பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்திருந்தாலோ அது போய்விட்டது. எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்காதே, ஒன்று போதும்.

கதிர்: பார்த்தேன். கெட்டியாகத்தான் இருக்கிறது!

கௌரி அத்தை: பார்த்தாயா! இப்போது சொல், தட்டு எங்கே இருக்கிறது?

கதிர்: படிக்கட்டுக்கு அடியில், தரைமேல். வெயில் படாத இடம்.

மீனா: கதிர், கல்தரை சில்லென்று இருக்குமே. அங்கேயா வைத்தாய்?

கௌரி அத்தை: மீனா சரியாகப் பிடித்துவிட்டாள். அறை எவ்வளவு சூடு என்று பார்ப்பதைவிட மண் எவ்வளவு சூடு என்று பார்க்க வேண்டும். ஈரமான மண் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும். விதைக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும். பகலில் 30, இரவில் 20 என்று ஏறி இறங்கினால் இன்னும் நல்லது. மிளகாய் விதைகளின் முளைப்புத்திறனைச் சோதிக்கும் கூடங்களிலும் அப்படித்தான் வைக்கிறார்கள். தட்டைத் தரையிலிருந்து எடுத்து, வெளிச்சமும் வெதுவெதுப்பும் உள்ள மேடையில் வை. நாற்றுகளுக்கான சூடேற்றும் விரிப்பு இருந்தால் அதன்மேல் வைக்கலாம். நேர் வெயில் மட்டும் வேண்டாம், மூடிபோட்ட தட்டு வெயிலில் அடுப்பாகிவிடும்.

பெரியப்பா: தேயிலை நீரில் ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும் என்று சொல்கிறார்களே?

கௌரி அத்தை: தேயிலையால் தனிப் பலன் எதையும் நான் பார்த்ததில்லை அண்ணா. ஒரு நாள் வெதுவெதுப்பான வெறும் நீரில் ஊறினாலே போதும். உறக்கத்தைக் கலைப்பதற்கென்று தோட்டக்கலைக்காரர்கள் ஜிப்ரெலிக் அமிலம் பயன்படுத்துகிறார்கள். செடிக்குள்ளேயே சுரக்கும் வளர்ச்சி ஊக்கிதான் அது. அளவை மீனாதான் சொல்ல வேண்டும், வேதியியல் அவள் துறை.

மீனா: ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற செறிவு போதும். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை, 100 மில்லிலிட்டர் நீருக்கு 50 மில்லிகிராம். தூள் நீரில் எளிதில் கரையாது. முதலில் சில சொட்டு ஆல்கஹாலில் கரைத்துக்கொண்டு பிறகு நீரில் ஊற்ற வேண்டும். விதைகளை 24 மணி நேரம் ஊறவைத்து உடனே விதைத்துவிடலாம். கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் முளைக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாற்று நூல்போல நீண்டு வெளுத்துச் சாய்ந்துவிடும். கையுறை கட்டாயம்.

கௌரி அத்தை: என் கருத்து, இருக்கும் விதையில் பாதியை மட்டும் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். மீதிப் பாதி தன் போக்கில் வரட்டும். அரிய விதை என்றால் எல்லாவற்றையும் ஒரே முறையில் பணயம் வைக்கக் கூடாது. கதிர், நீ விதைத்ததை அப்படியே விடு.

நிலா: அத்தை, ஒரு சந்தேகம். காட்டில் யார் ஊறவைக்கிறார்கள்?

கௌரி அத்தை: நல்ல கேள்வி கண்ணே! பறவைகள்தாம் விதைக்கிற வேலையைச் செய்கின்றன. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், நம் நாக்கிலும் தோலிலும் உள்ள டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பியை, அதாவது உணர்வைப் பிடிக்கும் புரதத்தை, தூண்டுகிறது. சூட்டை உணர்வதற்கான ஏற்பி அது, அதனால்தான் நமக்கு எரிகிறது. 1997இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு அதைக் கண்டறிந்தது. 2021இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பறவைக்கும் இதே ஏற்பி உண்டு, ஆனால் கேப்சைசின் அதைத் தூண்டுவதில்லை. எனவே எவ்வளவு காரமான பழத்தையும் பறவை சாதாரணமாக விழுங்கிவிடும்.

நிலா: அப்படியென்றால் காரம் எலிகளை விரட்டுவதற்கா?

கௌரி அத்தை: அதேதான். அமெரிக்காவின் அரிசோனாவில் டியூக்ஸ்பரி, நப்ஹான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். காரமில்லாத காட்டு மிளகாயை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் வயிற்றைக் கடந்த விதைகளில் ஒன்றும் முளைக்கவில்லை. பற்களால் மென்றுவிடுகின்றனவே! பறவை உண்டு வெளியேற்றிய விதைகள் நன்றாக முளைத்தன. பொலிவியாவில் நடந்த இன்னோர் ஆய்வில், பறவையின் குடலைக் கடந்த விதைகளைப் பூஞ்சை குறைவாகத் தாக்கியது, எறும்பை இழுக்கும் மணமும் போயிருந்தது. ஆகவே நாமும் பழச்சதையை ஒட்டவிடாமல் விதையை நன்றாகக் கழுவித்தான் உலர்த்த வேண்டும். பறவை செய்வதில் நம்மால் முடிந்தது அது.

நிலா: அப்பா, நம் வீட்டுச் சுவரோரம் தானாக முளைத்திருக்கும் ஊசி மிளகாயும் காட்டு மிளகாயா?

பெரியப்பா: அதை அத்தையிடமே கேள்.

கௌரி அத்தை: அது கேப்சிகம் ஃப்ரூடெசென்ஸ் அம்மா. பறவை போட்டுத் தானாக முளைத்தாலும் மனிதன் வளர்த்த செடியின் வாரிசுதான். வளர்ப்பு மிளகாயில் ஐந்து இனங்கள், அதில் இது ஒன்று. உண்மையான காட்டு இனங்கள் முப்பதுக்கும் மேல், எல்லாம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை.

மார்ச்

கதிர்: [புகைப்படம்] அத்தை!!! பாருங்கள்!

கௌரி அத்தை: ஆகா, கொக்கி வெளியே வந்துவிட்டதே! அந்த வளைந்த வெண்தண்டைப் பார்க்கும்போது எனக்கே கண் நிறைகிறது.

பெரியப்பா: ஒன்றுதானே தெரிகிறது?

கௌரி அத்தை: மற்றவையும் வரும் அண்ணா. கதிர், முதல் நாற்று வந்துவிட்டது என்று தட்டின் ஈரத்தைக் குறைத்துவிடாதே. உறங்குகிறவர்களுக்கும் ஈரம் வேண்டும். வந்த நாற்றை மட்டும் கரண்டியால் வேர்மண்ணோடு எடுத்துத் தனிக் கோப்பைக்கு மாற்று, வித்திலை (விதைக்குள்ளிருந்து முதலில் வரும் இலை) இரண்டும் விரிந்த பிறகு.

கதிர்: இன்னொன்றும் எழுந்திருக்கிறது, ஆனால் விதையுறை தலையில் தொப்பியாக மாட்டிக்கொண்டு கழலவில்லை. பிய்த்துவிடலாமா?

கௌரி அத்தை: பிய்க்காதே, வித்திலையும் சேர்ந்து கிழிந்துவிடும். விரல்நுனியில் ஒரு சொட்டு நீர் எடுத்து அந்த உறைமேல் வை. அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு இடுக்கியால் உறையின் விளிம்பை மட்டும் பிடித்து மெல்ல நகர்த்து. அசையவில்லை என்றால் மறுபடி ஒரு சொட்டு. ஆழம் குறைவாக விதைத்தால் இப்படி நேரும். மேலே அரை சென்டிமீட்டர் மண் இருந்தால் எழும்போது மண்ணே உறையை உரித்து விட்டுவிடும்.

மீனா: அத்தை, எனக்குத் துக்கச் செய்தி. என் எக்சிமியம் என்ற காட்டு மிளகாய் நாற்றுகளில் நான்கு ஒரே இரவில் சாய்ந்துவிட்டன. மேலே இலை பச்சையாகவே இருக்கிறது. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு கறுத்து, நூலாக இளைத்துவிட்டது.

கௌரி அத்தை: நாற்றழுகல். ஐயோ மீனா, எக்சிமியத்துக்கா வர வேண்டும்! சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, அந்த மண்ணோடு எடுத்து வெளியே போட்டுவிடு. மிஞ்சியவற்றுக்கு உடனே மூடியைக் கழற்று, காற்று ஓடட்டும். இனி மேலிருந்து தெளிக்காதே. தட்டை நீரில் கால் மணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடு, மேல்மண் வெளுத்த பிறகுதான் அடுத்த நீர். நாற்றுக்கு மண்புழு உரம் கலந்தாயா?

மீனா: நிறையக் கலந்திருந்தேன்.

கௌரி அத்தை: முதல் நிலைக்கு உரமே தேவையில்லை. தென்னை நார்க்கழிவைக் கழுவிப் பிழிந்து, அதில் பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகள் அல்லது ஆற்று மணல் சரிபாதி கலந்தால் போதும். மூன்றாம் ஜோடி இலை வந்த பிறகு உரம்.

நிலா: எக்சிமியம் எப்படி இருக்கும் மீனா அக்கா?

மீனா: பூ ஊதா நிறம் நிலா! அதற்காகவே கேட்டு வாங்கினேன். பொலிவியாவும் வட அர்ஜென்டினாவும் அதன் இடம்.

கௌரி அத்தை: மஞ்சள் பூ பூக்கும் ராம்பாய்டியம் என்று ஒன்று உண்டு, அதில் காரமே கிடையாது. கலபகோஸ் தீவுகளில் மட்டும் வளரும் கலபகோயென்ஸின் இலையெல்லாம் பூனைமுடி. மிளகாய் என்றால் சிவப்பும் பச்சையும்தான் என்று இருந்த எனக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு புது உலகம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து விதை வரவழைத்தால் தாவர நலச் சான்றிதழோடுதான் வர வேண்டும். உறையில் ஒளித்து அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். விதையோடு நோயும் வரும்.

ஜூன்

கதிர்: அத்தை, சில்டெபின் இடுப்பளவு வளர்ந்து பூக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் மொட்டைமாடி வெயிலில் மதியம் இலையெல்லாம் சுருண்டு தொங்குகிறது.

கௌரி அத்தை: அதற்குப் பழக்கமான இடம் மரத்தடி. பாலைவன ஓரங்களில் ஹேக்பெரி போன்ற முள்மரங்களின் நிழலில்தான் சில்டெபின் முளைத்து வளர்கிறது. பறவைகள் அமர்ந்து விதை போடுவதும் அங்கேதான். காலை வெயில் முழுதாகக் கொடு, நண்பகலுக்குச் சல்லடை நிழல். தொட்டியும் பத்து லிட்டருக்குக் குறையக் கூடாது. உறைபனி படாமல் பார்த்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடி இது.

கதிர்: பக்கத்திலேயே குடைமிளகாயும் பூத்திருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கலாம்தானே?

கௌரி அத்தை: அப்படியே எடுத்தால் அது சில்டெபினாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒரே இனம் என்று சொன்னேன் அல்லவா, தேனீ ஒரு பூவிலிருந்து மற்றதற்குப் போனால் கலப்புதான். விரியாத மொட்டுகள் உள்ள ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி அடியைக் கட்டு. பூ விரிந்ததும் பைக்கு மேலேயே விரலால் தட்டிவிடு, தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். பிஞ்சு தெரிந்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்புகளில் வண்ண நூல் கட்டு. விதைக்கு அந்தக் காய்கள் மட்டும்.

மீனா: எக்சிமியத்துக்கும் இதே முறையா?

கௌரி அத்தை: குடைமிளகாயோடு அது எளிதில் கலக்காது, ஆனால் பை கட்டுவதில் நஷ்டம் இல்லை. தன் மகரந்தத்தில் காய் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு எக்சிமியம் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வை. கார்டெனாசி என்ற பொலிவிய இனம் ஒற்றைச் செடியாக இருந்தால் காய்க்கவே காய்க்காது, இரண்டாவது வேண்டும். உன்னிடம் மிஞ்சியது எத்தனை?

மீனா: மூன்று, நன்றாக இருக்கின்றன.

கௌரி அத்தை: தாராளம்! கதிர், காய் முழுதாகச் சிவந்து மெத்தென்று ஆன பிறகே பறி. கையுறை போட்டுக்கொள். காரம் அதிகம் இருப்பது விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில், கேப்சைசின் வெறும் நீருக்குப் போகாது. கையில் பட்டால் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு. விதையை நிழலில் உலர்த்து, வெயிலில் வேண்டாம். சில வாரம் கழித்து விதைத்தால் புது விதையைவிட நன்றாக முளைக்கும்.

பெரியப்பா: கதிர், எனக்கும் ஒரு செடி வேண்டும். வாசல் மரத்தடியில் இடம் இருக்கிறது.

கதிர்: விதைத்தட்டில் கடைசியாக முளைத்த நாற்று இன்னும் சிறு கோப்பையில்தான் இருக்கிறது பெரியப்பா. அதையே தருகிறேன். பெயர்ச்சீட்டும் வைத்திருக்கிறேன்: இனம், விதைத்த மாதம், அத்தை கொடுத்தது.

மீனா: பென்சிலால் எழுது. பேனா மை வெயிலில் வெளுத்துவிடும்.

கதிர்: சரி அக்கா, மாற்றி எழுதிவிடுகிறேன்.