படகுக் கருவி சர்வர்: இணைப்புக்கு ஒரு திரெட் போதுமா, ஈபோலுக்கு மாறணுமா?

குளச்சல்_கடலோடி
தேங்காய்ப்பட்டணம் முதல் சின்னமுட்டம் வரை படகுகளில் சிம் போட்ட கருவி வைத்திருக்கிறோம். வானிலை எச்சரிக்கையை உடனே தள்ள வேண்டும் என்பதால் டிசிபி இணைப்பு திறந்தே இருக்கும். 2017 ஒக்கி புயலுக்கு அப்புறம் எச்சரிக்கை தாமதம் என்றால் இங்கே யாரும் பொறுக்க மாட்டார்கள். லினக்ஸ் சர்வர், 2 ஜிபி ரேம், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை). ஆயிரத்தைத் தாண்டினால் புது இணைப்பை ஏற்பதில்லை. லாகில் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' (திறந்த கோப்புகள் அதிகம்) என்று பிழை. பத்தாயிரம் வரை போகணும்.

தக்கலை_தச்சன்
திரெட்டைத் தூக்கிப் போடுங்க. 1999-லேயே டான் கெகல் 'சி10கே' (ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்பு) என்று பேர் வைத்த பிரச்சினை இது. ஏலக்காரர் படகுக்கு ஒருத்தராகவா நிற்கிறார்? மீன் இறங்கின இடத்துக்குப் போகிறார். லினக்ஸின் ஈபோலும் அப்படித்தான், ஒரே லூப் எல்லா இணைப்பையும் கவனிக்க, தகவல் வந்த சாக்கெட்டை (இணைப்பின் சர்வர் முனை) மட்டும் சொல்லும். திரெட்டுக்கு 8 எம்பி ஸ்டாக் (அதன் சொந்த நினைவக இடம்) என்றால் பத்தாயிரத்துக்கு 80 ஜிபி. உங்க 2 ஜிபி எந்த மூலைக்கு?

வடசேரி_அண்ணாச்சி
தம்பி, இந்த 80 ஜிபி பூச்சாண்டியை விடுங்க. அது வெறும் ஒதுக்கி வைத்த முகவரி இடம்; திரெட் உண்மையில் தொட்ட நினைவகப் பக்கத்துக்குத்தான் ரேம் போகும். ஆயிரத்தில் நிற்பதற்கும் திரெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு ப்ராசஸ் (ஓடும் நிரல்) திறக்கும் கோப்புகளுக்கு வழக்கமான வரம்பு 1024, சாக்கெட்டும் அந்தக் கணக்கில்தான் வரும். சர்வீஸ் ஃபைலில் இந்த வரம்பைக் குறிக்கும் 'லிமிட்நோஃபைல்' மதிப்பை ஏற்றினால் அந்தப் பிழை போயிடும்.

தக்கலை_தச்சன்
சரி, ஏற்றுவார். எச்சரிக்கை போனதும் பத்தாயிரம் கருவியும் ஒரே நேரத்தில் பதில் அனுப்பும். அத்தனை திரெட்டும் ஒண்ணா எழும்புமே அண்ணாச்சி?

வடசேரி_அண்ணாச்சி
எழும்பி நூறு பைட்டைப் படித்துவிட்டுத் திரும்பத் தூங்கும். உங்க ஈபோல் லூப்பில் ஒரு டேட்டாபேஸ் கேள்வி 2 விநாடி இழுத்தால் எல்லாப் படகும் காத்துக் கிடக்கணும். திரெட்டில் அந்த ஒரு படகு மட்டும்தான் காத்திருக்கும். நாளைக்கு இந்தக் கோடைத் திருத்தப் போவது புதுசா வேலைக்கு வரும் ஒரு பையன், அதையும் யோசிங்க.

முட்டத்துக்காரி
ரெண்டு பேரும் அந்த ஆயிரத்தை அப்படியே நம்புறீங்களே! படகு கரையை விட்டு விலகினால் டவர் போயிடும். கருவி 'போயிட்டு வாறேன்' என்று சொல்லிவிட்டா போகிறது? இணைப்பை மூடச் சொல்லும் ஃபின் பாக்கெட் வராது, சர்வர் இணைப்பு உயிரோடு இருக்கிறதென்றே நினைக்கும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவை நாமே போடாவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். போட்டாலும் லினக்ஸ் வழக்கமாக முதல் சோதனை அனுப்புவது 7200 விநாடி, அதாவது 2 மணி நேரம் கழித்து. இதற்குள் படகு திரும்பி வந்து புது இணைப்பு போட்டிருக்கும். 'எஸ்எஸ்' கட்டளையில் திறந்த இணைப்புகளின் பட்டியலை எடுத்து, எந்தக் கருவி எந்த இணைப்பு என்று பாருங்க.

குளச்சல்_கடலோடி
பார்த்தேன் அக்கா. ஒரே படகு மூணு நாலு இணைப்பில் நிற்கிறது. பாதிக்கு மேல் செத்ததுதான்.

தக்கலை_தச்சன்
அதைத் துடைத்தாலும் நான் ஈபோல் பக்கம்தான். பத்தாயிரம் என்று அவரேதானே கேட்டார்.

முட்டத்துக்காரி
எதுவேணா எழுதுங்க. முதலில் கருவி சில நிமிஷத்துக்கு ஒருமுறை சின்னத் துடிப்பு அனுப்பட்டும். மூன்று தப்பினால் சர்வர் மூடட்டும். அதே கருவி எண் மறுபடி வந்தால் பழைய இணைப்பை உடனே மூடணும். இன்னொன்று, சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் எல்லாரும் ஒரே நொடியில் முட்டுவார்கள். புது இணைப்புகள் ஏற்கப்படக் காத்திருக்கும் வரிசையின் வழக்கமான உச்சவரம்பு லினக்ஸ் 5.4-க்கு முன்னால் வெறும் 128. கருவிகள் ஆளுக்கொரு நேரம் தாமதித்து இணையட்டும்.

வடசேரி_அண்ணாச்சி
இதெல்லாம் திரெட்டிலேயே செய்யலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கம்மா.