மரபுச் சின்னங்களுக்கு மறுபடியும் வரவைப்பது வசதியா, பார்க்காமல் விட்ட குறையா?

தூண்நிழல்:
மரபுச் சின்னம் ஒன்றைப் பார்த்துச் சென்றவர் மீண்டும் வருவதும் வராததும் பெரும்பாலும் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. வெயிலில் வரிசையில் நின்று, குடிநீருக்கும் கழிப்பறைக்கும் அலைந்தவருக்குச் சிற்பத்தைவிட அந்த அலைச்சல்தான் நினைவில் தங்கும். இத்தாலியின் பழைய நகரமான பொம்பெயியில் 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை. பெரு நாட்டு மலைமேல் உள்ள பழைய இன்கா நகரமான மச்சு பிச்சுவில் நுழையும் நேரத்தைக் குறித்தே சீட்டுத் தருகிறார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தாமல் மறுவருகையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

வழிப்போக்கன்:
அந்த வரம்புகள் முதன்மையாக இடத்தைக் காப்பதற்காக வந்தவை, நண்பரே. வசதி குறைந்தால் மனம் கசக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் நிறைவாக அமைந்து, ‘பார்த்தாயிற்று’ என்று மகிழ்ச்சியோடு அடுத்த நாட்டுக்குத் திட்டமிடத் தொடங்கிய பலரை நான் அறிவேன்.

கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலில், கிழக்குச் சுற்றுமண்டபத்தில் பாற்கடல் கடையும் காட்சி ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கப்பட்டிருக்கிறது. முதல் முறை குழுவோடு போனபோது, ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர் என்று வழிகாட்டி சொல்லி முடிப்பதற்குள் எங்களை நகரச் சொல்லிவிட்டார்கள். வாசுகியின் உடலுக்குக் கீழே கடலில் நீந்தும் மீன்களும் முதலைகளும், மந்தர மலையை நெருங்க நெருங்கச் சுழலில் சிக்கித் துண்டுபட்டுக் கிடப்பதாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்பதை வீடு திரும்பிய பிறகுதான் படித்தேன். அதன் எதிரிலேயே நின்றும் பார்க்காமல் வந்துவிட்டோமே என்ற குறைதான் இரண்டு ஆண்டுகள் கழித்து என்னை மறுபடி அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

தூண்நிழல்:
அந்தக் குறைக்குக் காரணமே முதல் முறை உங்களை விரட்டிய அவசரம்தானே? அங்கோரில் மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் விரும்பிய நாட்களில் பயன்படுத்தலாம். ஒரே சுவரின் முன் மறுநாளும் வந்து நிற்க இடம் தரும் அந்த ஏற்பாட்டையும் நிர்வாகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அகல்விளக்கு:
இருவரும் தனியாளின் ஆர்வத்தையே பேசுகிறீர்கள். தான் வியந்ததை வேண்டியவருக்குக் காட்டுவதற்காகவே திரும்பி வருபவர்களை ஏன் கணக்கில் எடுக்கவில்லை? நான் ஒரு கோட்டைக்கு இரண்டாம் முறை போனது என் அம்மாவுக்காக. நுழைவாயிலிலிருந்து உச்சி மண்டபம் வரை உட்கார ஓர் இருக்கைகூட இல்லாததால், முழங்கால் வலியோடு பாதிப் படியிலேயே அவர் திரும்பிவிட்டார். நான் சொல்லிச் சொல்லி அவர் மனத்தில் வளர்ந்திருந்த அந்த மண்டபத்து ஓவியங்களை அவர் பார்க்கவே இல்லை.

வழிப்போக்கன்:
அம்மாவை அழைத்துப் போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது அந்த ஓவியங்களால்தான். அதை எந்த இருக்கையும் தோன்றவைத்திருக்காது. ஆனால் அவர் ஓவியத்தைக் காணாமல் திரும்பியதற்கு என் வாதத்தில் பதில் இல்லை. அந்த இடத்தில் தூண்நிழல் சொல்வதை ஏற்கிறேன்.