கர்ப்பத்தில் டவுன் சிண்ட்ரோம் சோதனைக்கு 1:180 என்று ரிப்போர்ட் வந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

மன்னார்குடி மருமகள்:

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், மூன்றாம் மாதம் முடிகிற சமயம். தஞ்சாவூர் போய், குழந்தைக்குக் குறை இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்கும் என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தச் சோதனையும் எடுத்தோம். நாலாம் நாள் வாட்ஸப்பில் ரிப்போர்ட். டவுன் சிண்ட்ரோம் (அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவிக் குரோமோசோம் குறை) 1:180, பக்கத்திலேயே சிவப்பில் 'ஹை ரிஸ்க்'. அன்று மாமியார் அடுப்பே பற்றவைக்கவில்லை.

டாக்டரம்மா, "பனிக்குடத் தண்ணி எடுத்துப் பார்க்கலாம். வேண்டாம்னாலும் சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். எதுவும் விளக்காமல் இஷ்டம் என்றால் அது தள்ளிவிடுவது இல்லையா? இதே எண் வருகிற 180 பேரில் 179 பேர் குழந்தைக்கு அது இருக்காது என்று எனக்குச் சொன்னது பி.எஸ்சி. கணக்குப் படிக்கும் நாத்தனார் பையன்!

அந்தத் தண்ணியை எடுக்க வயிற்றில் ஊசி போட்டால் கரு கலையச் சின்ன வாய்ப்பு உண்டு. வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இருக்குன்னு வந்தா என்ன செய்யப் போறோம்? அதைப் பேசிட்டு ஊசி போடுவோம்." மூன்று ராத்திரி பேசினோம், முடிவுக்கு வரவில்லை. மாமியார் பேச்சிலேயே கலந்துகொள்ளவில்லை. திருக்கருகாவூர் போய் சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய் வாங்கிவந்து சாமி அலமாரியில் வைத்துவிட்டார்.

16-ஆம் வாரம் எடுத்தேன். தெரியாமல் அஞ்சு மாதம் தூங்க என்னால் முடியாது. முடிவு வர மூன்று வாரம். நார்மல். ஆனால் அந்த மூன்று வாரமும் வயிற்றைத் தடவிக்கொள்ளக் கூசியது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்கேன் சென்டர் தம்பி (கும்பகோணம்):

ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. போர்டும் வாசலிலேயே இருக்கிறது. "குறை இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்றார் ஒரு பெரியவர். இல்லை ஐயா என்றேன். "பொண்ணா இருந்தா அதுவும் எங்களுக்குக் குறைதான் தம்பி" என்றார்.

திருவாரூர் அப்பா:

எங்களுக்கு 1:900, 'லோ ரிஸ்க்'. பையனுக்கு டவுன். அந்தச் சோதனை வாய்ப்பைத்தான் சொல்லும், உறுதியாகச் சொல்லாது என்று அப்புறம்தான் புரிந்தது. ரெண்டு வயதில் இதய ஆபரேஷன். அந்தச் செலவும் அலைச்சலும் பட்டவன் என்பதால், கலைத்தவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இப்போது ஆறு வயது. குறுவை நடவன்று வரப்பில் உட்கார்ந்து கொக்கு எண்ணுவான், ஏழுக்கு அப்புறம் மறுபடி மூன்று. கல்யாண வீட்டில் அவனைப் பார்ப்பவர்கள் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "ஸ்கேன்ல பார்க்கலையா?" அவன் பக்கத்திலேயே நிற்கும்போது.